தூங்க மறுத்த என்சைம்

பன்னிரண்டாவது முறையும் கோடு மேலே ஏறியது.

மாப்பிள்ளை கணினித் திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்க வேண்டிய நீலக் கோடு, யாரோ மாடிக்குக் கூப்பிட்டது மாதிரி நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.

"ஏறுதா?" பின்னாலிருந்து டெக்னீஷியன் அக்கா கேட்டாள்.

"ஏறுது."

"நேத்தைக்கு இன்னிக்கு ஏதாவது வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்ல. ஒழுங்கா, தப்பில்லாம ஏறுது."

வேலையிடத்தில் அவரை எல்லோரும் 'சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அந்த மாதம் அவருக்கு வந்த கஷ்டம் அத்தனையும் மாப்பிள்ளை என்ற பதவியின் வழியாகவே வந்ததால், நாமும் மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம்.

விஷயம் இதுதான். சர்க்கரை பார்க்கும் கருவியை எல்லோரும் பார்த்திருப்போம். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்தால், அதில் ஒட்டியிருக்கும் என்சைம் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தின்று, தின்ற அளவுக்கு மின்சாரம் கொடுக்கும். மாப்பிள்ளை என்ன செய்தார் என்றால், அந்த என்சைமின் வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் போட்டார். தாழ்ப்பாள் இருக்கும்வரை அது சர்க்கரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது, தூங்கும். இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகிறவர்களுக்குக் கொடுக்கிற ஒரு மருந்து இருக்கிறது. அந்த மருந்து வந்து ஒட்டிக்கொண்டால் மட்டும் தாழ்ப்பாள் விலகும். என்சைம் விழித்துக்கொண்டு தின்ன ஆரம்பிக்கும். கோடு ஏறும்.

அந்த மருந்து பொல்லாத மருந்து. கொஞ்சம் குறைந்தால் பிரயோஜனம் இல்லை, கொஞ்சம் கூடினால் விஷம். நோயாளி வீட்டிலேயே ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து அளவு சரியா என்று பார்த்துக்கொள்ள முடிந்தால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள். மூன்று வருடம் மாப்பிள்ளை இதற்காகத்தான் உயிரைக் கொடுத்தார். மூவாயிரத்துச் சொச்சம் என்சைம்களைச் செய்து பார்த்து, கடைசியில் ஒன்றைப் பிடித்தார். அது மகா கெட்டிக்கார என்சைம். நீச்சல் குளம் நிறையத் தண்ணீரில் ஒரு சிட்டிகை மருந்தைப் போட்டால்கூட எழுந்து உட்கார்ந்துவிடும்.

கெட்டிக்காரத்தனம் அதோடு நிற்கவில்லை என்பதுதான் பிரச்சினை. மருந்தே இல்லாத ரத்தத்திலும் அது எழுந்து உட்கார்ந்தது.

மாதக் கடைசியில் ஆய்வுக் குழு வருகிறது. கோடு படுக்க வேண்டிய நேரத்தில் படுத்து, ஏற வேண்டிய நேரத்தில் ஏறினால் மாப்பிள்ளைக்கு இன்னும் மூன்று வருடம் வேலை உண்டு. இல்லாவிட்டால் மேசையைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதான். வயது நாற்பத்து மூன்று. இந்த வயதில், எனக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியும், ஆனால் அது நிற்காது என்று சொல்லிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது?

"ரத்தத்துல கோளாறு இருக்குமோ சார்?" என்றாள் அக்கா.

"என் மாமனார் ரத்தம்கா அது."

"அதனாலதான் கேட்டேன்."

இங்கே ஒரு விளக்கம் தேவை. மருந்து இருக்கிற ரத்தத்தில் கோடு ஏறுகிறது என்று காட்டுவது பெரிய காரியமில்லை. மருந்து இல்லாத ரத்தத்தில் ஏறாது என்று காட்டுவதுதான் பரீட்சை. அந்த மருந்தில்லாத ரத்தத்துக்கு வெற்று ரத்தம் என்று பெயர். நோயாளிகள் எல்லோரும் வயதானவர்கள் என்பதால் வெற்று ரத்தமும் வயதானவருடையதாக இருக்க வேண்டும். ஆனால் அவர் எந்த மருந்தும் சாப்பிடாதவராகவும் இருக்க வேண்டும். அறுபது தாண்டியவர்களில் மாத்திரை சாப்பிடாத ஆளைத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். மாப்பிள்ளை ஊரெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் தன் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே கண்டுபிடித்தார்.

மாமனார் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயது. தினம் ஆறு கிலோமீட்டர் நடப்பார். மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டுவார். வாயைத் திறந்தால், "இந்த நாக்குல இதுவரைக்கும் ஒரு மாத்திரை பட்டது கிடையாது" என்பதில்தான் ஆரம்பிப்பார். மருந்துக் கடை இருக்கும் பக்கம்கூட நடக்காமல் எதிர்ப்பக்கம் நடக்கிற மனிதர். மாப்பிள்ளை வந்து ரத்தம் கேட்டபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. பத்து விரலையும் நீட்டினார்.

"எது வேணுமோ எடுத்துக்கோங்க மாப்பிள்ளை. சுத்தமான சரக்கு."

அன்றிலிருந்து தினமும் காலை ஒரு குத்து. இப்போது பத்து விரல்களில் எட்டில் ஒட்டுப் பிளாஸ்திரி. நடைப்பயிற்சி நண்பர்கள் கேட்டால், "ஆராய்ச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு மேற்கொண்டு கேட்பதற்காகக் காத்திருப்பார்.

பதின்மூன்றாவது முறை மாப்பிள்ளை தன் விரலையே குத்திக்கொண்டார். கோடு படுத்தது. அப்படி ஒரு படுக்கை.

"சார், படுத்துடுச்சு" என்றாள் அக்கா.

"என் ரத்தம் கணக்குல வராதுக்கா. எனக்கு வயசு பத்தாது."

"அப்ப வாட்ச்மேன் தாத்தாவைக் கூப்பிடட்டுமா? அறுபத்தொன்பது."

வாட்ச்மேன் வந்தார். குத்தினார்கள். கோடு படுத்தது. ஆனால் அவர் ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை சாப்பிடுகிறவர், எதற்கு எது என்று அவருக்கே தெரியாது. மஞ்சள் ஒன்று, நீளமாக ஒன்று என்றுதான் சொல்லத் தெரிந்தது. அந்த ஆறில் ஏதோ ஒன்று என்சைமை அமுக்கி வைத்திருக்கலாம். ஆகவே அந்த முடிவும் செல்லாது என்று மாப்பிள்ளை நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

"அப்ப என்னதான் சார் அர்த்தம்?"

"மாத்திரையே சாப்பிடாத வயசான ரத்தத்துல, இதுவரைக்கும் யாருக்கும் தெரியாத ஏதோ ஒண்ணு இருக்கு. அதுதான் நம்ம தாழ்ப்பாளைத் திறக்குது."

அக்கா கொஞ்ச நேரம் ஸ்ட்ரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "இல்லேன்னா உங்க மாமனார் மாத்திரை சாப்பிடறார்" என்றாள்.

மாப்பிள்ளைக்கு அந்த நினைப்பு வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. வந்தது, வந்தபோதெல்லாம் பயந்துபோய் விரட்டிவிட்டார். இப்போது இன்னொருத்தர் வாயால் கேட்டுவிட்டதால் அது உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அன்று சாயங்காலம் மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"உங்கப்பா ரகசியமா ஏதாவது..."

"ரகசியமா என்ன?"

"மாத்திரை மாதிரி ஏதாவது..."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கப்பா பொய் சொல்றார்ங்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லல. என்சைம் சொல்லுது."

"நீங்க செஞ்ச என்சைம்தானே?"

இருந்தாலும் அவளுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். புருஷனின் வேலை போய்விடும் என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் உறுத்தாது. மறுநாள் அப்பா நடக்கப் போன நேரம் பார்த்துக் கீழே போய், அவருடைய அலமாரியைக் குடைந்தாள். இரண்டு விசில், ஒரு நிறுத்து கடிகாரம், ஒரு டப்பா பெப்பர்மிண்ட், மடித்து வைத்த பழைய சான்றிதழ்கள். மாத்திரை என்று ஒரு துணுக்குக் காகிதம்கூட இல்லை. சட்டைப் பைகளையும் தடவிப் பார்த்துவிடலாம் என்று அவள் தலையை உள்ளே விட்டிருந்தபோதுதான் பின்னால் மாமனாரின் குரல் கேட்டது.

"என்னம்மா தேடற?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது. அந்தக் குடும்பத்தில் யாருக்குமே வராது என்பதுதான் அவர்களுடைய பெருமை.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மாப்பிள்ளை படியேறுவதற்குள் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. உள்ளே வரச் சொன்னார்கள். மாமனார் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எட்டுப் பிளாஸ்திரியையும் பிய்த்து மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார்.

"உங்களுக்குச் சந்தேகம்னா நேரா என்கிட்டயே கேட்டிருக்கலாம் மாப்பிள்ளை."

"அப்படி இல்ல மாமா. அது ஒரு குறிப்பிட்ட மருந்து, அது பேரு..."

"பேரெல்லாம் எனக்கு எதுக்கு? எனக்கு எல்லா மருந்தும் ஒண்ணுதான். ஒண்ணையும் தொட்டதில்ல."

மாமியார் சமையலறை வாசலில் துண்டில் கையைத் துடைத்தபடி நின்றிருந்தார். அதிகம் பேசாதவர். மாமனார் பேசுகிற வீட்டில் இன்னொருவர் பேசவும் முடியாது.

"நீயே சொல்லு" என்று மாமனார் அவர் பக்கம் திரும்பினார். "நாப்பத்தஞ்சு வருஷமா என்கூட இருக்க. நான் ஒரு மாத்திரை எடுத்து வாயில போட்டு நீ பார்த்திருக்கியா?"

"பார்த்ததில்ல" என்றார் மாமியார். "அவர் எடுத்துப் போட்டுக்கற ஆள் இல்ல மாப்பிள்ளை. அவருக்காக இல்ல, உண்மையைத்தான் சொல்றேன்." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போனார்.

"கேட்டீங்களா? இனிமே என் விரல் உங்களுக்குக் கிடையாது."

மாப்பிள்ளைக்கு இருந்த ஒரே வெற்று ரத்தமும் போயிற்று. மேலே போனால் மனைவி பேசவில்லை. தட்டை வைத்த சத்தம் மட்டும் பேசியது. மூன்று நாள் இப்படியே ஓடியது. நான்காம் நாள் மாப்பிள்ளை கீழே போய், தப்பு முழுக்கத் தன்மேல்தான், என்சைம்மேல்தான், விஞ்ஞானத்தின்மேல்தான் என்று ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டார்.

மாமனார் யோசித்தார். "சரி. ஆனா என் ரத்தத்தை அவமானப்படுத்தின அந்தப் பெட்டியை நான் நேர்ல பார்க்கணும்."

மறுக்கிற நிலைமையிலா மாப்பிள்ளை இருந்தார்?

மறுநாள் காலை மாமனார் வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூ சகிதம் ஆய்வுக்கூடத்துக்குள் நடந்து வந்தார். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். விரலை நீட்டினார். அக்கா குத்தி, சொட்டை வைத்தாள். கோடு எழுந்து நடந்தது.

"பொய் சொல்லுது" என்றார் மாமனார்.

அந்த நேரம் பார்த்து மேடம் உள்ளே வந்தார். மேடம்தான் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர். மாப்பிள்ளையின் தலையெழுத்து அவர் கையெழுத்தில் இருந்தது. யார் இந்தப் பெரியவர் என்று கேட்டார். அவ்வளவுதான். மாமனார் ஆறு கிலோமீட்டரில் ஆரம்பித்து, நாக்கில் படாத மாத்திரை வழியாக, மூச்சுப்பயிற்சி வரைக்கும் போய், நடுவில் நான்கு தடவை உட்கார்ந்து எழுந்தும் காட்டினார். மேடத்துக்குப் பிரமிப்புத் தாங்கவில்லை.

"எழுபத்தொண்ணா? ஒரு மருந்துகூட இல்லையா? இப்படி ஒருத்தரை வச்சுக்கிட்டு ஏன் சார் இத்தனை நாளாச் சொல்லல?"

"அது வந்து மேடம்..."

"ஆய்வுக் குழு வர்ற அன்னிக்கு இவரே வரட்டும். குழு முன்னாடியே விரல்ல குத்துவோம், இவர் ரத்தத்துல கோடு படுக்கறதை அவங்க கண்ணால பார்க்கட்டும். அப்புறம் அதே ரத்தத்துல மருந்தைக் கலந்து ஏறுறதைக் காட்டுவோம். இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா?"

"நான் ரெடி" என்றார் மாமனார்.

மாப்பிள்ளைக்கு இத்தனை நாள் ஏதாவது ஒரு வெற்று ரத்தத்தில் கோடு படுத்தால் போதும் என்று இருந்தது. இனிமேல் உலகத்திலேயே எந்த ரத்தத்தில் அது படுக்க மறுக்கிறதோ, அந்த ரத்தத்திலேயே படுத்தாக வேண்டும்.

மிச்சம் பதினாறு நாள்.

வேறு வழியில்லாமல் தாழ்ப்பாளை இறுக்க ஆரம்பித்தார். இரண்டாவது என்சைம் நான்கு நாளில் தயாரானது. முதலாவதுக்கு மூத்தது என்றும் இதற்கு நடுவுள்ளது என்றும் அக்கா டப்பாவில் பேனாவால் எழுதி வைத்தாள். நடுவுள்ளதை ஸ்ட்ரிப்பில் தடவி, மாமனார் ரத்தத்தை வைத்தார்கள். கோடு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஏறியது. முன்னளவு இல்லை, ஆனால் ஏறியது.

"குறைஞ்சிருக்கு சார்."

"குறைஞ்சா போதாதுக்கா. குழுவுல இருக்கறவங்க கண்ணாடி போட்டுக்கிட்டு வருவாங்க."

இன்னும் இறுக்கினார். அப்படி இறுக்கியதில் ஒன்று தாழ்ப்பாளே திறக்காமல் செத்தது. இன்னொன்று ஸ்ட்ரிப்பில் ஒட்டவே இல்லை. மற்றொன்றை வளர்த்த பாக்டீரியாவே வாழப் பிடிக்காமல் போய்ச் சேர்ந்தது. ஒரு மத்தியானம் மாப்பிள்ளை குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அழுதார். நான்கு டிகிரி குளிரில் அழுதால் மூக்குதான் முதலில் விறைக்கிறது என்று அப்போது தெரிந்துகொண்டார். மூன்று வருடம் ஒரே ஒரு காரியத்தை நம்பி ஓட்டியாகிவிட்டது, அந்தக் காரியத்துக்குத் தன்னை நம்பத் தெரியவில்லை என்று நினைத்தபோது அழுகை இன்னும் கூடியது. அக்கா கதவைத் திறந்து, அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு, எதையும் பார்க்காதவள் மாதிரி மறுபடி சாத்திவிட்டுப் போனாள்.

குழு வருவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது கடைக்குட்டி பிறந்தது.

கடைக்குட்டியின் தாழ்ப்பாள் பெட்டகத்துக்குப் போடுகிற தாழ்ப்பாள். மாமனார் ரத்தத்தை வைத்தார்கள். கோடு படுத்தது. அக்கா ஸ்ட்ரிப்பைத் தட்டிப் பார்த்தாள். கோடு அசையவில்லை. இன்னொரு சொட்டு, இன்னொரு ஸ்ட்ரிப். சமதரை.

மாப்பிள்ளை அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு நினைவு வந்து, அதே ரத்தத்தில் வழக்கமான அளவு மருந்தைக் கலந்து வைத்தார். அப்போதும் சமதரை.

"இது எதுக்கும் எழுந்திருக்காது போல இருக்கு சார்."

"இன்னும் கொஞ்சம் மருந்து ஊத்துங்க."

ஊற்றினாள். சமதரை. இன்னும் ஊற்றினாள். இருபது மடங்கு ஊற்றிய பிறகு கோடு சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது. ஐம்பது மடங்கில் ஒழுங்காக ஏறியது.

"இந்த அளவு மருந்து ஒரு ஆள் உடம்புல இருந்தா அவர் உயிரோட இருக்க மாட்டாரே சார்."

"அது எனக்குத் தெரியும்கா. இப்போதைக்கு இல்லாதப்போ படுக்குது, இருக்கறப்போ ஏறுது. அளவை அப்புறம் சரிபண்ணிக்கலாம். வேலை இருந்தாதானே சரிபண்ணவே முடியும்."

அக்கா ஸ்ட்ரிப்புகளை எடுத்து உள்ளே வைத்தாள். அவளுடைய வேலையும் அதே கோட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் ஃப்ரீசர் பொறுப்பாளர் வந்து நின்றார். குழு வருகிறது, ஃப்ரீசரைத் திறந்து பார்ப்பார்கள், வேண்டாததெல்லாம் போயாக வேண்டும் என்பது அவர் கட்டளை. கையில் பட்டியல் இருந்தது. மூத்தது என்று எழுதியிருந்த டப்பாவைக் காட்டினார்.

"இது என்ன சார்? தேதி இல்ல, எண் இல்ல. மூத்ததுன்னு எழுதியிருக்கு. யாருக்கு மூத்தது?"

"அது ஒண்ணும் உதவாத என்சைம்."

"அதோட மரபணு வரிசையைப் படிச்சு வச்சிருக்கீங்களா? இருந்தா வேணுங்கறப்போ மறுபடி செஞ்சுக்கலாம்."

"இல்ல. வேலை செஞ்சா படிக்கலாம்னு இருந்தேன். செய்யல."

"அப்ப போட்டுடலாமா?"

"ஒரு குழாய் மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள் அக்கா.

மாப்பிள்ளை டப்பாவைக் கையில் வாங்கினார். மூவாயிரத்தில் ஒன்று. எத்தனை ஆசையாகப் பொறுக்கி எடுத்தது. இதை நம்பித்தானே மனைவி முகம் கொடுத்துப் பேசாத நிலைக்கு வந்தது, மாமனாரைச் சந்தேகப்பட்டு நின்றது, வாளிமேல் உட்கார்ந்து அழுதது. அவருக்கு ஆத்திரம் வந்தது. எதிரில் கிடைத்த ஒன்றுமறியாத டப்பாவின்மேல் அத்தனை ஆத்திரமும் இறங்கியது. ஒவ்வொரு குழாயாகத் திறந்து ப்ளீச் நிரம்பிய குவளைக்குள் தானே கொட்டினார். அதை உண்டாக்கிய பாக்டீரியா வளர்ந்த தட்டுகளையும் போட்டார். கடைசித் துளி விழுந்ததும் மூன்று வாரத்தில் முதல் தடவையாக நன்றாக மூச்சு வந்தது.

குழு வந்தது. மூன்று பேர். அதில் ஒருவர் மட்டும்தான் விஷயம் தெரிந்தவர் என்று முகத்திலேயே எழுதியிருந்தது, ஆகவே மாப்பிள்ளை அவரை மட்டும் பார்க்காமல் பேசினார். இதயத்துக்கான மருந்து, அதன் அபாயம், தாழ்ப்பாள், சாவி என்று எல்லாவற்றையும் சொன்னார். மாமனார் முன்வரிசையில் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். கூப்பிட்டதும் எழுந்து வந்து, பிளாஸ்திரி இல்லாத விரலாகத் தேர்ந்து நீட்டினார்.

குத்தினார்கள். சொட்டு விழுந்தது. ஆறு கண்களும் திரைக்குப் போயின.

கோடு படுத்தே கிடந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று, அதற்கு எழுந்திருக்கிற உத்தேசமே இல்லை.

"வெற்று ரத்தம்" என்றார் மாப்பிள்ளை.

"எழுபத்தொரு வருஷமா வெற்று" என்று மாமனார் சேர்த்துக்கொண்டார்.

பிறகு மருந்து கலந்த சொட்டு. அக்கா கொஞ்சம் தாராளமாகவே கலந்திருந்தாள். கோடு ஜம்மென்று ஏறியது. மேடம் கை தட்டினார். குழுவில் இரண்டு பேர் தட்டினார்கள். விஷயம் தெரிந்தவர் மட்டும் பேனாவைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"நோயாளி உடம்புல இருக்கற அளவு ரொம்பக் கம்மியாச்சே. அந்த அளவுக்கும் இது எழுந்திருக்குமா?"

"அது அடுத்த கட்டம் சார். அதுக்காகத்தான் இன்னும் மூணு வருஷம் கேட்கறோம்."

"இதுக்கு முன்னாடி செஞ்ச எதுலயாவது அந்த அளவு கிடைச்சுதா?"

"ஒண்ணுல கிடைச்சுது. ஆனா அது நம்பிக்கை இல்லாத என்சைம் சார். இல்லாததை இருக்குன்னு சொல்லும்."

"அது பிரயோஜனம் இல்லைதான்" என்று அவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மூன்று வருடம் நீட்டிப்பு. அதற்கும் மேலே, கடைக்குட்டியை வைத்து முதலில் ஆயிரம் ஸ்ட்ரிப்புகள் செய்து ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது என்றும் மேடம் அங்கேயே அறிவித்துவிட்டார். அதைக் கேட்டபோது மாப்பிள்ளைக்கு அந்த ஐம்பது மடங்கு நினைவுக்கு வந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளி வைத்தார். தூங்கி எத்தனை நாளாயிற்று.

அன்று சாயங்காலம் கீழ்வீட்டில் எல்லோரும் கூடினார்கள். மனைவி சிரித்துப் பேசினாள். டெக்னீஷியன் அக்காவும் வந்திருந்தாள். மாமனார் கூடத்தின் நடுவில் நின்று, ஆய்வுக் குழு தன் ரத்தத்தை எப்படிப் பார்த்தது என்பதை எதிர்வீட்டுக்காரருக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இதய மருந்து சார் அது. கொஞ்சம் இருந்தாலும் காட்டிக்கொடுத்துடும். என் ரத்தத்தை வச்சாங்க பாருங்க, கப்சிப். கோடு செத்த பாம்பா கிடக்கு."

மாப்பிள்ளைக்கு அந்த மனிதர்மேல் இப்போது பாசமே வந்துவிட்டது. போயும் போயும் இவரையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குப் போனார்.

மாமியார் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் கூடத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவை லேசாகச் சாத்தினார்.

"இதய மருந்துன்னு அவர் சொல்றாரே, அது எந்த மருந்து மாப்பிள்ளை? நீங்க ஒருநாளும் சொல்லலையே."

"துடிப்பு தாறுமாறா போறவங்களுக்குக் கொடுக்கறது அத்தை. சின்னதா, வெள்ளையா இருக்கும். ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான். கொஞ்சம் கூடினாலும் ஆபத்து, அதனாலதான் இவ்வளவு பாடு." மருந்தின் பேரையும் சொன்னார்.

மாமியார் கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். குழாயை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அன்னிக்கே இவர் கிழிச்சுப் போட்டுட்டாரு மாப்பிள்ளை, அதனால அந்த மாத்திரையைத்தான் மூணு வருஷமா நான் தினமும் நுணுக்கி இவரோட காலைக் காப்பியில கலந்து கொடுத்துட்டு வரேன், இன்னிக்கும் கொடுத்துத்தான் அனுப்பினேன்."